மூலை மடிப்பு

கரண்ட் போனபோது ஒன்றும் ஆகவில்லை. வந்தபோதுதான் வினை. ஒரு மணி நேரமாகச் செத்துக் கிடந்த மின்விசிறி ஐந்தாம் நம்பரில் வைத்தது வைத்தபடி இருந்திருக்கிறது, மரியபுஷ்பத்துக்கு அந்த நினைப்பே இல்லை. கட்டிலில் வேட்டியை விரித்து அதன்மேல் வரிசையாகப் போட்டிருந்த பத்துத் தாளும் கூண்டைத் திறந்துவிட்ட கோழிகளாக எழும்பி, ஒன்று பீரோவுக்கு அடியில் போனது, இரண்டு தையல் மெஷின்மேல் உட்கார்ந்தது, ஒன்று சுவரில் மாதா படத்தின்மேல் ஒட்டி நின்று யோசித்து மெதுவாகச் சறுக்கிக் கீழே வந்தது. "ஏங்க, ஃபேன அமத்துங்க, ஃபேன!" என்று அவள் கத்தினாள். முன்னறையில் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்த சவரிமுத்து, "இப்பத்தானட்டி கரண்டே வந்துருக்கு, அதுக்குள்ள குளிருதோ?" என்றார். கட்டிய புருஷனிடம் காரியம் ஆகாது என்பது முப்பத்தொன்பது வருஷமாகத் தெரிந்த விஷயம்தானே, அவளே ஓடி அணைத்தாள். குனிந்து, உட்கார்ந்து, பீரோவுக்கு அடியில் விளக்குமாற்றை விட்டு இழுத்து, ஒவ்வொன்றாகப் பொறுக்கி எண்ணினாள். பத்து. எண்ணிக்கை சரிதான். எண்ணி முடித்த பிறகுதான் உறைத்தது. இந்தப் பத்தில் ஒன்பது அவள் செய்தது, நேற்றும் இன்றுமாக, டீத்தண்ணியில் முக்கி. ஒன்று அவள் அம்மா அனுப்பியது, முப்பத்தோரு வருஷத்துக்கு முந்தி. இதில் அம்மா எது?

மணி மூணுக்கு இருபது நிமிஷம். நாலு மணிக்குக் கார் வரும். சாலிகிராமத்தில் இந்தச் சந்துக்குள் கார் நுழையாது, முனையில் நிறுத்திவிட்டு வேதகிரி நடந்து வருவார், சினிமாவில் கலை டைரக்டருக்கு வலது கை, வந்தால் ஒரு நிமிஷம் நிற்கமாட்டார். இந்தத் தடவை அவர்களுக்கு வேண்டியது ஒரு நோட்டுப் புத்தகம், கையால் தைத்தது, எழுபது வருஷம் ஒரு பெட்டியில் கிடந்ததாகக் கதை. அதிலிருந்து கிழித்த கடைசித் தாள் ஒன்று, அதில் ஒரு எழுத்தும் இருக்காது, கதாநாயகி அதை விளக்கில் காட்டி எரிக்கிறாள். எரித்தால் போச்சு அல்லவா, அதனால் ஒன்பது தாள். ஒன்பது தரம் எடுத்தும் அந்தப் பெண்ணுக்கு அழுகை வராவிட்டால் அது புஷ்பத்தின் குற்றம் இல்லை. புத்தகம் முந்தாநாளே போய்விட்டது. தாள்தான் இரண்டு தரம் திரும்பி வந்தது. "அக்கா, இது பழசு மாதிரி இல்ல, டீ மாதிரி இருக்கு" என்றார் வேதகிரி. "இருபத்தஞ்சு வருஷமா டீதான தம்பி போடுதேன்." "அப்ப கேமரா தூரத்துல நின்னுச்சுக்கா. இப்ப மூக்குக்குப் பக்கத்துல வந்து நிக்குது." அந்தச் சொல் அவளைக் குத்திவிட்டது. ஓரத்தை மெழுகுவர்த்தியில் கருக்கி, நடுவில் காப்பி டம்ளர் வட்டம் வைத்து ராஜா காலத்து ஓலை என்று கொடுக்கிற ஆள்கள் இருக்கிறார்கள், அவள் அந்த ரகம் இல்லை. ஓரம் கருகுவது தீயால், பழசாவது காற்றால், அது வேறு இது வேறு. அவளும் தப்புச் செய்திருக்கிறாள், இல்லை என்று சொல்லவில்லை. ஆரம்பத்தில் ஒருதரம் வீட்டில் மிஞ்சின டீயையே ஊற்றிவிட்டாள், சீனி போட்ட டீ, காலையில் பார்த்தால் மகாராஜாவின் கட்டளையை எறும்பு பாதி தின்றிருந்தது. அன்றிலிருந்து வெறும் தூள், வெறும் தண்ணி, ஒரு சிட்டிகை உப்பு. அப்படி எல்லாம் தெரிந்தவளுக்குத்தான், டீ மாதிரி இருக்காம். சரி, நிஜமாகவே பழசான தாள் எப்படித்தான் இருக்கும், ஒருதரம் பக்கத்தில் வைத்துப் பார்ப்போமே என்றுதான் பிஸ்கட் டப்பாவைத் திறந்தாள். திறந்திருக்கக் கூடாது. திறந்தாயிற்று.

டப்பாவுக்குள் இருந்தது ஒரே ஒரு தாள், அதிலும் எழுத்து கிடையாது. இதை யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள் என்று அவள் சொன்னதில்லை. ஆலங்குளம் பக்கத்தில் பீடி சுற்றிய அம்மா ஞானப்பூவுக்குக் கையெழுத்தே வராது, பீடிக் கம்பெனியில் கட்டைவிரல்தான். மகள் கல்யாணமாகி மெட்ராசுக்கு வந்தபோது, காகிதம் எழுதக் கோயில் உபதேசியாரிடம் போகச் சொன்னாள் புஷ்பம். "அவருட்டயா? சனிக்கிழமை நான் இருமுனேம்னு சொன்னா ஞாயித்துக்கிழம ஊரே எனக்காவ ஜெபம் பண்ணும். எனக்கு அந்தச் சீரு வேண்டாம்" என்றாள் அம்மா. பிறகு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். "ஏட்டி, நீ அஞ்சாங்கிளாஸ் படிச்சவதான? கவருல உன் விலாசத்த எழுதி எழுதி வச்சிட்டுப் போ. மாசம் ஒண்ணு போடுதேன். உள்ள வெறுந்தாளு. தாளு வந்தா அம்ம நல்லாருக்கான்னு அர்த்தம். மூலய மடிச்சிருந்தா பொறப்பட்டு வா." அவ்வளவுதான் அவர்களுக்குள் பாஷை. நாலாக மடித்த தாள் என்றால் சுகம். மூலை மடித்திருந்தால் வா. ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் ஊருக்குப் போய்ப் பன்னிரண்டு கவரில் தன் விலாசத்தைத் தானே எழுதி வைத்துவிட்டு வருவாள். எட்டு வருஷம் தாள் வந்தது. வாங்கிப் பார்த்து, பிரித்து, சிரித்து, அதன் முதுகில் மளிகைச் சாமான் எழுதிக் கடைக்குக் கொண்டுபோவாள். மாசா மாசம் வருவதை யார் சேர்த்து வைப்பார்கள்? கடைசித் தாள் ஒன்றுதான் மளிகைக்குப் போகாமல் தப்பியது. அதுவும் அதன் மூலையால்.

இப்போது அந்த மூலை பத்துத் தாளிலும் இருக்கிறது. அதுதானே கூத்து. பக்கத்தில் வைத்துப் பார்க்கப் பார்க்க அவளுக்கு ஒரு வெறி வந்துவிட்டது, இதை இம்மி பிசகாமல் கொண்டுவர முடியுமா என்று. பிராட்வேயில் பழைய இருப்பில் கிடந்த கோடு போடாத மெல்லிசுத் தாள், அம்மா பெட்டிக்கடையில் வாங்கியதற்குக் கூடப்பிறந்தது மாதிரி. அதே அளவுக்கு வெட்டினாள். முதலில் மடித்துவிட்டு அப்புறம் முக்கினாள், அப்போதுதான் மடிப்பில் நிறம் தங்கும். ஓரத்துக்கு மட்டும் தூரிகையால் இன்னொரு கை. அம்மா தாளில் கீழே இடதுபக்கம் மூன்று பழுப்புப் பொட்டு இருந்தது, பல்துலக்கும் பிரஷ்ஷில் காப்பியைத் தொட்டுத் தெறித்து, ஒன்பதிலும் மூன்று பொட்டு. மேல் வலது மூலையில், மடித்து நிமிர்த்திய ஒரு கோடு. அதையும் போட்டாள். ஏன் போட்டாள்? வேதகிரி கேட்கவில்லை. கதையில் அப்படி ஒன்றும் இல்லை. கை போட்டது, அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா நகத்தால் மடிப்பாள், பீடியின் நுனியை மடக்குகிற கட்டைவிரல் நகம். புஷ்பமும் கல்யாணம் ஆகும் வரைக்கும் பக்கத்தில் உட்கார்ந்து பீடி சுற்றியவள், அதே நகம், அதே அழுத்தம். ஆக மடிப்பைப் பார்த்தும் கண்டுபிடிக்க வழியில்லை. தன் கெட்டிக்காரத்தனம் தன் வாயிலேயே மண்ணைப் போட்டதை நினைத்து அவளுக்கு ஒரு பக்கம் பகீரென்றது, இன்னொரு பக்கம், வெட்கத்தை விட்டுச் சொன்னால், கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. சீ, இது என்ன புத்தி.

ஜன்னலில் வைத்து வெளிச்சத்தில் பார்த்தாள். எல்லாத் தாளுக்குள்ளும் மேகம் மேகமாக ஒரே நார். காதருகே கொண்டுபோய் ஆட்டினாள். பழைய தாள் சருகு மாதிரிச் சலசலக்கும், புதுத்தாள் படபடக்கும், அது தெரியும், ஆனால் இந்த ஒன்பதையும் இஸ்திரி போட்டு ஈரத்தையெல்லாம் வாங்கியிருந்தாளே, எல்லாம் சருகுதான். முகர்ந்தால் ஒரு நொடி வேலை, டீ வாடை இல்லாதது அம்மா. ஆனால் கொரோனா வந்து போனதிலிருந்து அவள் மூக்கு முகத்துக்கு அழகுக்கு இருக்கிறதே தவிர, குழம்பு அடிப்பிடித்தால்கூடப் புகையைப் பார்த்துத்தான் தெரிகிறது. "ஏங்க, இங்க வாங்க, இதுல எதுல டீ வாசம் இல்லன்னு சொல்லுங்க." சவரிமுத்து நொண்டிக்கொண்டு வந்து பத்தையும் ஒவ்வொன்றாக மூக்கில் வைத்தார், பெண் பார்க்க வந்தவர் மாதிரி நிதானமாக. "எல்லாத்துலயும் தைல வாசமால்லா வருது." கை நிறையத் தைலம். "அய்யோ, அந்தக் கையாலயா பிடிச்சீங்க!" "நீ கூப்பிட்ட, வந்தேன். எதுக்குத் தேடுத?" சொன்னாள். அவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். செட்டு ஆசாரியாக நாற்பது வருஷம் பலகையில் கோட்டையும் கோயிலும் கட்டியவர், ஒருதரம் தான் கட்டின பொய்ச்சுவர்க் கதவைத் திறந்துகொண்டு கக்கூசுக்குப் போகப் பார்த்தவர். "செஞ்ச பழசுக்குள்ள இருந்த பழசத் தொலச்சிட்டியா? நல்ல தொழில்காரிதான்" என்றார். பிறகு குரலை இறக்கி, "ஒண்ணு செய்யி. ஒம்பதக் குடுத்திட்டு ஒண்ண வச்சிக்க. எதா இருந்தா என்ன, உள்ள ஒண்ணும் எழுதலைல்லா" என்றார்.

எதா இருந்தா என்ன. அவர் போன பிறகும் அந்தச் சொல் அறைக்குள்ளேயே நின்றது. நிஜந்தானே, என்ன? ஏதோ ஒன்றை டப்பாவில் போட்டு மூடிவிட்டால் டப்பாவுக்குத் தெரியுமா, தாளுக்குத் தெரியுமா? கண்ணுக்குப் பத்தும் ஒன்று, கைக்கும் ஒன்று, காதுக்கும் ஒன்று. அம்மா தொட்டது ஒன்றுதான், ஆனால் அந்தத் தொட்டது எங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறது, காட்டு பார்ப்போம் என்றால் காட்ட முடியவில்லையே. அப்படியானால் முப்பத்தோரு வருஷம் என்கிறது என்ன, மூன்று முக்கு டீயா? ஒரு முக்குக்குப் பத்து வருஷம், நல்ல கணக்கு. ஆனால் பத்துக்கு ஒன்பது பங்கு அம்மா இன்று சாயங்காலம் எங்கேயோ ஒரு பங்களாவில், யாரோ ஒரு பெண்ணின் கையில், விளக்கில் எரிவாள். மீதி ஒன்றை இவள் சாகும் வரைக்கும் எடுத்து எடுத்துத் தடவிக்கொண்டிருப்பாள், தான் செய்ததைத் தானே. எல்லாரும் ஏமாறலாம், செய்தவள் ஏமாற முடியுமா. பத்தையும் கொடுக்கமாட்டேன் என்று சொல்லிவிடலாமா? அந்த பங்களா இன்று ஒருநாள்தான் கிடைத்திருக்கிறது என்று வேதகிரி மூன்று தரம் சொல்லிவிட்டுப் போனார், அவளை நம்பி. புதிதாக ஒன்பது செய்தால் காய்வதற்கே ராத்திரி ஆகிவிடும். நாக்கு. நாக்கு இருக்கிறதே! டீ என்றால் துவர்க்கும். ஒரு தாளின் அடி ஓரத்தை நாக்கு நுனியில் வைத்தாள், இழுத்துப் பிடித்தது. இரண்டாவது, இழுத்தது. மூன்றாவதும். நாலாவது வைக்கும்போது நாக்கே மரத்துக் கிடந்தது, இனிமேல் பச்சைத்தண்ணியை வைத்தாலும் துவர்ப்புத்தான். தாளை நக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற அறுபத்திரண்டு வயதுப் பொம்பளையை மாதா படத்துக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்கட்டும். மணி மூணே கால்.

அந்தக் கடைசித் தாள் வந்த அன்றைக்கும் இதே மாதிரிதான் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். மூலை மடித்திருக்கவில்லை. ஆனால் மடித்த கோடு இருந்தது. மடித்துப் பின்னே நிமிர்த்தினது மாதிரி. வா என்றா, வேண்டாம் என்றா? சவரிமுத்து அப்போது இளந்தாரி, ஒரே பார்வை பார்த்துவிட்டு, "தபால்ல நசுங்கிருக்கும்ட்டி. உங்கம்ம கூப்பிடணும்னா மடிச்சிருப்பாள்லா?" என்றார். அது நியாயமாகத்தான் பட்டது. பெரிய பையனுக்கு மஞ்சள் காமாலை வேறு. அடுத்த தாளைப் பார்த்துவிட்டுப் போவோம் என்று இருந்தாள். அடுத்த மாசம் தாள் வரவில்லை, தந்தி வந்தது. போய்ச் சேர்ந்தபோது வீட்டில் பீடித் தட்டுக்குக் கீழே ஐந்து கவர் மிச்சம் இருந்தது, அவள் கையெழுத்து, அவள் விலாசம். அன்றிலிருந்து இதே சுற்றுத்தான், செக்கு மாடு மாதிரி. கூப்பிட்டிருந்தால் இன்னொரு கவர் போட்டிருக்கலாமே, ஐந்து இருந்ததே. போடவில்லை, ஆகவே கூப்பிடவில்லை. ஆனால் கோடு இருந்ததே. தபாலில் நசுங்கியது. தபாலில் நசுங்கினால் அவ்வளவு நேராகவா நசுங்கும்? கூப்பிட்டிருக்கிறாள். கூப்பிட்டிருந்தால் இன்னொரு கவர். இதோ இப்போதும் அங்கேயே வந்து நிற்கிறது. நேற்று ஒன்பது மூலையையும் மடிக்கும்போதும் இதேதான் ஓடியது, மடிக்கும்போது வா, நிமிர்த்தும்போது வேண்டாம், வா, வேண்டாம், ஒன்பது தரம். அதில் ஒன்று மட்டும் அவளை உறுத்தியது, இப்போது ஞாபகம் வருகிறது: நிமிர்த்தினால் மூலை படியவே இல்லை. கையால் தேய்த்தால் சற்று நேரத்தில் தூக்கிக்கொள்ளும். அம்மா தாளில் மட்டும் தரையோடு தரையாகக் கிடந்தது, வந்த அன்றைக்கே அப்படித்தான். அதற்காக அவள் இஸ்திரிப் பெட்டியை மூன்று தரம் வைத்து அழுத்த வேண்டியிருந்தது. ஞானப்பூவிடம் ஏது இஸ்திரிப் பெட்டி?

"ஒரு வாய் டீ கெடைக்குமா, இல்ல எல்லாத்தையும் தாளுக்கே ஊத்திட்டியா?" என்றது முன்னறை. சரி, கையாவது எதையாவது செய்யட்டும் என்று தாள்களை எடுத்துக்கொண்டே அடுக்களைக்குப் போனாள், கீழே வைக்கப் பயம், காற்று என்கிற சொல்லே பயமாகிவிட்டது. தண்ணி கொதித்தது. தூளைப் போடக் கையை நீட்டினபோது இடது கையிலிருந்த மேல்தாள் ஆவியில் பட்டுவிட்டது, வெடுக்கென்று இழுத்தாள். இழுத்துப் பார்த்தால், அந்த மூலை மெல்ல எழும்பிக்கொண்டிருந்தது. கன்றுக்குட்டி காதைத் தூக்குகிற மாதிரி, தூங்கி எழுந்து. இஸ்திரி போட்டு அமுக்கினதெல்லாம் ஆவி பட்டதும் மறந்துபோய், நேற்று நகம் மடித்தது மட்டும் ஞாபகம் வந்து நிற்கிறது. அவள் அடுப்பைத் தணித்தாள். தூள் போடவில்லை. இரண்டாவது தாளின் மூலையை ஆவிக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் காட்டி, பத்து எண்ணினாள். எழும்பியது. மூன்றாவது, எழும்பியது. நாலாவது ஐந்தாவது வரும்போது பயமெல்லாம் எங்கேயோ போய், அடுத்தது என்ன செய்யும், அடுத்தது என்ன செய்யும் என்கிற ஒரே நினைப்பு, சின்னப் பிள்ளை தொட்டாற்சிணுங்கியைத் தொடுவதுபோல். ஆறாவது எழும்பியது. ஏழாவது எழும்பவில்லை. பத்து எண்ணினாள், இருபது எண்ணினாள். லேசாக ஈரம் கோத்து நிறம் மங்கியது, மூலை அசையவில்லை. நேற்று மடித்ததற்குத் திமிர் இருக்கும், முப்பத்தோரு வருஷம் படுத்துக் கிடந்ததற்கு எங்கே இருக்கும்? போதும், தெரிந்துவிட்டது. ஆனாலும் மிச்சம் மூன்றையும் அவள் விடவில்லை, காட்டினாள். மூன்றும் எழும்பின. அடுக்களை மேடையில் ஒன்பது தாள் மூலையைத் தூக்கிக்கொண்டு வா வா என்று நின்றன. ஒன்று மட்டும் வாயை மூடிக்கொண்டு கிடந்தது.

அதன் முன்னால் முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். தபால் நசுக்கும், ஆனால் தபால் படியவைக்குமா? இவ்வளவு படிய வேண்டுமென்றால் கனமாக எதையாவது ஏற்றி ஒரு பொழுது பூராவும் வைத்திருக்க வேண்டும். அம்மா வீட்டில் என்ன கனம் இருந்தது? பீடித் தட்டு. இலைக்கட்டு நனைத்து வைத்தால் அது நல்ல கனம், மேலே அமுக்கு கல் வேறு. அப்படியானால் மடித்திருக்கிறாள். நகத்தால் மடித்து, பார்த்து, பேரனுக்கு மேலுக்கு முடியவில்லை என்று யாரோ சொல்லியிருப்பார்கள், அந்த ஊரில் எது தெரியாது, நிமிர்த்தியிருக்கிறாள். நிமிர்த்தினால் தூக்கிக்கொள்கிறது. தூக்கினால் மகள் கண்டுபிடித்துவிடுவாள். தட்டைத் தூக்கித் தாளை அடியில் போட்டு, தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து அன்றைய பீடி ஆயிரத்தையும் சுற்றியிருக்கிறாள். வேறு தாள் எடுத்துப் போட்டிருக்கலாமே அம்மா? ஒரு தாளை வீணாக்குவாளா அவள்.

"புஷ்பக்கா!" வேதகிரி செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார். "ரெடியா? டைரக்டர் கத்துறார்." அவள் ஒன்பதையும் அட்டைக்குள் வைத்துக் கொடுத்தாள். அவர் ஒன்றை எடுத்துப் பார்த்தார், முகம் மலர்ந்தது. "ஐயோ, அந்த மூல! யாரோ மடிச்சு வச்சிட்டுப் போன மாதிரியே இருக்குக்கா. இது டீயே இல்ல." "டீதான் தம்பி." அதற்குள் அவர் கண் உள்ளே அடுக்களை மேடைக்குப் போய்விட்டது. "அங்க ஒண்ணு இருக்கே? எக்ஸ்ட்ராவா குடுங்க, சேத்து எரிச்சுக்கலாம்." அவள் ஓடிப் போய்த் தடுப்பதற்குள் அவரே எட்டிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கினார். "இல்ல, வேணாம். இது சரியா வரலக்கா. சப்புன்னு கெடக்கு. பழசு மாதிரியே இல்ல." "ஆமா தம்பி" என்றாள் புஷ்பம். "அது சரியா வரல." அவர் ஓடிவிட்டார், சந்து முனையில் கார்க் கதவு அடித்துச் சாத்துகிற சத்தம் கேட்டது.

சவரிமுத்து சுவரைப் பிடித்துக்கொண்டு அடுக்களை வாசலுக்கு வந்தார். டீ இல்லை. வெறும் தண்ணி வற்றிக்கொண்டிருந்தது. மேடையில் ஒரு தாள், அதன் முன்னால் அவள். "கெடச்சிட்டா?" என்றார். அவள் தலையை ஆட்டினாள். அவர் அடுப்பை அணைத்துவிட்டு, தைலம் படாமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். "அன்னிக்கு நான்தான் தபால்ல நசுங்குச்சுன்னு சொன்னேன், இல்ல?" "வர வேண்டாம்னுட்டா" என்றாள்.

"யாரு?"

"எங்கம்ம."

"எப்ப?"

புஷ்பம் அந்த மூலையில் கட்டைவிரலை வைத்தாள். மடிக்கவில்லை, சும்மா வைத்தாள்.

"இப்பத்தான்" என்றாள்.